பைலைச் சுருக்குவது யார் வேலை?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் கூனிமேடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கும் மரக்காணத்திற்கும் நடுவில் இருக்கிறது. மழை முடிந்து மரக்காணம் உப்பளங்களில் பாத்திகளைச் செப்பனிடத் தொடங்கும் சமயம் அது. இரவு ஒன்பது மணி இருக்கும். எதிர் வீட்டு அம்மா வந்து வாசலில் நின்றார். "தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறியே. பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கா. கொஞ்சம் வந்து பாரேன்" என்றார்.

அவரும் அவர் கணவரும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். மகள் பட்டப் படிப்பு முடித்திருக்கிறாள். தீபாவளிக்குத்தான் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வேலைக்கான ஆன்லைன் விண்ணப்பம் பாதி நிரப்பியபடி நின்றது. போட்டோ ஏறிவிட்டது. கையெழுத்தும் ஏறிவிட்டது. சாதிச் சான்றிதழ் மட்டும் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்தில் ஒரே பதில்: பைல் 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும். அவளிடம் இருந்த பைல் 4.3 எம்.பி. கடைசி நாள் மறுநாள்.

"நேத்து சென்டர்ல அம்பது ரூபா குடுத்து சுருக்கிட்டு வந்தேன் அண்ணா. 160 கே.பி. வந்துச்சு. ஆனா இதப் பாருங்க" என்று காட்டினாள். சான்றிதழ் என்று தெரிந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியவில்லை. சான்றிதழ் எண் ஒரு சாம்பல் நிறக் கோடாக இருந்தது. சென்ற ஆண்டும் வேறு ஒரு இடத்திற்கு இப்படித்தான் அனுப்பியிருக்கிறாள். "இணைக்கப்பட்ட ஆவணம் தெளிவாக இல்லை" என்று விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. தேர்வு எழுதித் தோற்றிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும். தேர்வு எழுதவே விடவில்லை.

அன்று பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. பைலைச் சுருக்குவது யார் வேலை? கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம் ஆன பெண்ணின் வேலையா? அல்லது அந்த விண்ணப்பத் தளத்தை எழுதிய என்னைப் போன்றவர்களின் வேலையா?

என் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பவர்கள் நாளைக்கே ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருக்கலாம். ஆகவே முதலில் வேலைக்கு உதவுவதைப் பார்ப்போம்.

எடை எங்கே இருக்கிறது?

கூனிமேடு என்ற சொல்லை கம்ப்யூட்டரில் யூனிகோட் முறையில் டைப் செய்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? தமிழில் ஒவ்வொரு குறியீட்டிற்கும் 3 பைட். இந்தச் சொல்லில் எழுத்தும் துணைக் குறியும் சேர்த்து 8 குறியீடுகள். மொத்தம் 24 பைட். ஒரு பக்கக் கடிதம் முழுவதையும் டைப் செய்தாலும் 6 அல்லது 7 கே.பி.தான் வரும்.

அதே கடிதத்தை மொபைலில் போட்டோ எடுங்கள். 3 எம்.பி., 4 எம்.பி. என்று வரும். ஏனென்றால் கம்ப்யூட்டருக்கு அது எழுத்து இல்லை. வெறும் புள்ளிகள். இந்தப் புள்ளிகளைத்தான் பிக்ஸெல் என்கிறோம். ஏ4 தாள் ஒன்றை ஸ்கேனரில் வைத்து அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2,480 புள்ளி, உயரத்தில் 3,508 புள்ளி கிடைக்கும். பெருக்கினால் ஏறக்குறைய 87 லட்சம். கலரில் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். அதாவது சுமார் 26 எம்.பி. ஜேபெக் முறை இதைச் சுருக்கித்தான் 2 அல்லது 3 எம்.பி.யாகத் தருகிறது.

இப்போது 300ஐ 150 ஆக்குங்கள். பாதியாகும் என்று நினைப்போம். ஆனால் அகலமும் பாதி, உயரமும் பாதி. எனவே புள்ளிகள் 22 லட்சமாக, கால் பங்காகக் குறையும். கலரை விட்டுக் கறுப்பு வெள்ளையில், அதாவது கிரே ஸ்கேலில் எடுத்தால் புள்ளிக்கு 3 பைட்டுக்குப் பதில் 1 பைட் போதும். இரண்டையும் சேர்த்தால் ஜேபெக் தன் வேலையைத் தொடங்கும் முன்பே 12ல் 1 பங்கு. ஜேபெக் கலர் விஷயத்தில் ஏற்கனவே சிக்கனமாக இருப்பதால் இறுதி பைலில் இந்த அளவு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பெரிய குறைவு இங்கேதான் கிடைக்கிறது.

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். பாத்தியில் கடல் நீரை வற்ற விட்டால் உப்பு கிடைக்கும். போவது நீர், நிற்பது உப்பு. நல்ல சுருக்கமும் அப்படித்தான். மேஜையின் ஓரம், தாளின் நிழல், தேவையில்லாத கலர், தேவைக்கு மேற்பட்ட புள்ளி ஆகியவை போக வேண்டும். எழுத்து நிற்க வேண்டும். சென்டரில் நடந்தது வேறு. நீர் அப்படியே இருக்க, உப்பைக் குறைத்துவிட்டார்கள்.

சுருக்குவதற்கு ஒரு வரிசை உண்டு

நான் பின்பற்றும் வரிசை இது. இதை மாற்ற வேண்டாம்.

1. ஒரிஜினலைத் தொடாதீர்கள். முதலில் பைலை ஒரு காப்பி எடுத்து வேறு பெயர் கொடுங்கள். சுருக்குவதெல்லாம் காப்பியில்தான். ஜேபெக் பைலைத் திருத்தித் திருத்தி சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் தெளிவு கொஞ்சம் போகும். போனது திரும்பாது. சரியாக வரவில்லை என்றால் மீண்டும் ஒரிஜினலில் இருந்து தொடங்குங்கள். சுருக்கிய பைலையே மறுபடியும் சுருக்காதீர்கள்.

2. நல்ல வெளிச்சத்தில், நேராக எடுங்கள். மர மேஜையின் வரிகளும் பாயின் பின்னலும் கூட புள்ளிகள்தான்; அவையும் இடம் பிடிக்கும். தாளுக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து, ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுத்தால் பைல் தானாகவே சிறியதாகும். வெறும் வெள்ளைப் பரப்பை ஜேபெக் மிக எளிதாகச் சுருக்கிவிடும்.

3. வெட்டுங்கள். தாளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கிராப் செய்து நீக்குங்கள். கையெழுத்து என்றால் கையெழுத்தைச் சுற்றி விரல் அகல இடம் விட்டு வெட்டினால் போதும். முழுத் தாளின் நடுவில் சிறிய கையெழுத்தை வைத்து 20 கே.பி.க்குள் அடக்க முயல்வதால்தான் பலருக்கு அது மங்கிப் போகிறது.

4. புள்ளிகளைக் குறையுங்கள். விண்டோஸ் 11ல் போட்டோஸ் புரோகிராமில் படத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் 'ரீசைஸ் இமேஜ்' என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் அகலத்தை பிக்ஸெல் கணக்கில் கொடுக்கலாம். சான்றிதழ் என்றால் அகலம் 1,200 பிக்ஸெல் வைத்துப் பாருங்கள். உயரம் தானாக அதே விகிதத்தில் மாறும்.

5. தரத்தைக் கடைசியாகத்தான் குறைக்க வேண்டும். அதே விண்டோவில் 'குவாலிட்டி' என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அதை இடப்பக்கம் நகர்த்தினால் புதிய பைலின் அளவு எவ்வளவு ஆகும் என்பது உடனே கீழே தெரியும். கேட்ட அளவு வந்ததும் நிறுத்திவிட்டு, புதிய பெயரில் சேவ் செய்திடவும்.

6. படித்துப் பாருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. சுருக்கிய பைலைத் திறந்து 100 சதவீத அளவில் வைத்து, சான்றிதழில் உள்ள மிகச் சிறிய எழுத்தைப் படியுங்கள். தமிழ்ச் சான்றிதழாக இருந்தால் புள்ளியைப் பாருங்கள். ஜேபெக் 8க்கு 8 என்ற சின்னச் சின்னக் கட்டங்களாகப் படத்தைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது கருதும் நுணுக்கத்தை எறிந்துவிடுகிறது. முகத்தில் அது தெரியாது. எழுத்தில் தெரியும். முதலில் மறைவது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிதான். புள்ளி தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும்.

அந்தப் பெண்ணின் சான்றிதழை இந்த வரிசையில்தான் செய்தோம். வெட்டியதிலேயே பாதி எடை போனது. 1,200 பிக்ஸெல் அகலத்திற்குக் கொண்டு வந்து, தரத்தைக் கொஞ்சம் குறைத்ததும் 180 கே.பி. சான்றிதழ் எண் பளிச்சென்று தெரிந்தது. சென்டரில் எடுத்த 160 கே.பி.க்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 20 கே.பி.தான். ஒன்று குப்பை, இன்னொன்று சான்றிதழ்.

வேர்டும் பி.டி.எப்.பும்

வேர்ட் டாகுமெண்ட் பெரிதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் உள்ளே வைத்த படங்கள்தான். ஏதேனும் ஒரு படத்தின் மீது கிளிக் செய்தால் மேலே 'பிக்சர் பார்மட்' என்ற டேப் கிடைக்கும். அதில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' தேர்ந்தெடுக்கவும். 'இந்தப் படத்திற்கு மட்டும்' என்ற வரியில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்ற வரியில் டிக் இருக்க வேண்டும். பிறகு 150 அல்லது 96 என்ற அளவைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும்.

அந்த 'வெட்டிய பகுதி' விஷயம் முக்கியமானது. வேர்டில் படத்தை கிராப் செய்தால் மறைத்த பகுதி அழிந்துவிடுவதில்லை. உள்ளேயே இருக்கும். வாங்குபவர் நினைத்தால் திரும்பக் கொண்டு வந்து பார்க்கலாம். ஆதார் எண் தெரியக் கூடாது என்று நீங்கள் கிராப் செய்திருந்தால் அது தெரியாமல் போகவில்லை. ஒளிந்துதான் இருக்கிறது.

வேர்டில் இருந்தே பி.டி.எப். ஆக்கும்போது சேவ் விண்டோவில் 'மினிமம் சைஸ்' என்ற வாய்ப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுங்கள். ஆபீஸ் தொகுப்பு இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸைப் பயன்படுத்தலாம். படங்களை ரைட்டரில் ஒரு பக்கத்திற்கு ஒன்றாக வைத்துவிட்டு, பைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எப்.' செல்லுங்கள். அங்கே ஜேபெக் தரம் எத்தனை சதவீதம், படத்தின் நுணுக்கம் எத்தனை டி.பி.ஐ. என்று இரண்டையும் நீங்களே கொடுக்கலாம். 70 சதவீதம், 150 டி.பி.ஐ. என்று தொடங்கிப் பாருங்கள். இன்டர்நெட் இல்லாமலேயே இந்த வேலை நடக்கும் என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

இவை பயன் தராது

வாசகர்கள் அடிக்கடி செய்யும் சில தவறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஜிப் செய்வது: ஜேபெக் பைல் ஏற்கனவே சுருக்கப்பட்டது. அதை ஜிப் செய்தால் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். வேர்ட் 2007 முதல் வந்த புதிய வகை டாகுமெண்ட் பைலே உள்ளுக்குள் ஒரு ஜிப் பைல்தான். மீண்டும் ஜிப் செய்வது மூட்டையை இன்னொரு மூட்டையில் கட்டுவது. பல பைல்களை ஒன்றாக அனுப்ப ஜிப் உதவும், எடை குறையாது.

பெயரை மாற்றுவது: பி.என்.ஜி. என்று முடியும் பைலின் பெயரை ஜே.பி.ஜி. என்று மாற்றினால் பைல் மாறாது. சட்டையில் வேறு பெயர் எழுதியது போலத்தான். போட்டோஸ் அல்லது பெயிண்ட்டில் திறந்து ஜேபெக் ஆக சேவ் செய்ய வேண்டும்.

வாட்ஸ் ஆப் வழியாக அனுப்புவது: போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ் ஆப் அதைத் தன் இஷ்டத்திற்குச் சுருக்கும். எதிர் வீட்டுப் பெண்ணின் சான்றிதழ் மங்கியதன் முதல் காரணம் இதுதான். மொபைலில் எடுத்த படம் வாட்ஸ் ஆப்பில் சென்டருக்குப் போயிருக்கிறது. அங்கே அதை மறுபடியும் சுருக்கியிருக்கிறார்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் 'டாகுமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பைல் அப்படியே போகும்.

டிஜிட்டல் கையொப்பம் உள்ள பைலைச் சுருக்குவது: இதைச் செய்யவே கூடாது. டவுண்லோட் செய்த இ-ஆதார் போன்ற பி.டி.எப். பைல்களில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அந்த பைலில் மாற்றம் செய்து சேவ் செய்தாலோ, பிரிண்ட் கட்டளை மூலம் புதிய பி.டி.எப். ஆக்கினாலோ கையொப்பம் செல்லாது. பார்க்க அதே போல இருக்கும். சோதித்தால் வெறும் படம். இத்தகைய பைல்கள் பொதுவாகச் சிறியவைதான். அப்படியே அனுப்புங்கள்.

இமெயிலில் ஒரு கணக்கு: ஜிமெயிலில் 25 எம்.பி. வரை அனுப்பலாம். ஆனால் அட்டாச்மெண்ட் பைல்கள் மெயிலில் செல்லும்போது எழுத்துகளாக மாற்றப்படுகின்றன. 3 பைட் 4 பைட் ஆகிவிடும். எனவே 20 எம்.பி. பைல் 27 எம்.பி.க்கு அருகில் போய்விடும். 25 தானே, 24 எம்.பி. அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக் கொள்கிறார்கள்.

குறைந்தபட்ச அளவு: பலர் இதைக் கவனிப்பதில்லை. வங்கித் தேர்வுகளுக்கான ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளைப் பாருங்கள். போட்டோ 20 முதல் 50 கே.பி., கையெழுத்து 10 முதல் 20 கே.பி., இடது கைப் பெருவிரல் ரேகை 20 முதல் 50 கே.பி., கையால் எழுதிய உறுதிமொழி 50 முதல் 100 கே.பி. 'வரை' மட்டும் அல்ல, 'முதல்' என்பதும் இருக்கிறது. 8 கே.பி. கையெழுத்து இந்த வரம்புக்குள் வராது. அறிவிப்பை இரண்டு முறை படியுங்கள். பைலின் அளவைப் பார்க்க ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லவும். அங்கே 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு இருக்கும். முதல் எண்தான் நமக்குத் தேவை.

இலவசத் தளத்திற்குக் கொடுக்கும் விலை

கூகுளில் 'பி.டி.எப். சுருக்க' என்று தேடினால் நூறு இலவசத் தளங்கள் வரும். பைலை இழுத்துப் போட்டால் சுருக்கித் தரும். பெரும்பாலானவை உங்கள் பைலை எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குக் கொண்டு போய்ச் சுருக்கித் திருப்பித் தருகின்றன. சில தளங்கள் பைலை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுகிறோம் என்கின்றன. அழிக்கலாம். நாம் போய்ப் பார்க்க முடியாது.

கல்யாணப் பத்திரிகையைச் சுருக்க அந்தத் தளம் போதும். ஆனால் ஆதார், பான் அட்டை, வங்கிப் பாஸ் புத்தகம், கையெழுத்து, பெருவிரல் ரேகை இவற்றை அங்கே போடாதீர்கள். இவை ஐந்தும் ஒருவரிடம் சேர்ந்தால் அவர் நீங்களாகவே ஆகிவிடலாம். பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றிக் கொள்ளலாம். பெருவிரல் ரேகையை மாற்ற முடியுமா?

மறுநாள் அந்தப் பெண்ணுடன் சென்டருக்குப் போனேன். அவள் பைலை அங்கிருந்து அழிக்க வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த தம்பி நல்லவர். "நீங்களே அழிச்சுக்கோங்க அண்ணா" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். டவுண்லோட்ஸ் போல்டரைத் திறந்தேன். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேரின் ஆதார் அதில் இருந்தது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட், யாரோ ஒருவரின் மருத்துவ ரிப்போர்ட். யாரும் கெட்ட எண்ணத்தில் சேர்த்து வைக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்துவிட்டது. அந்த போல்டருக்கு அது தெரியாது.

2020 ஜூனில் மத்திய அரசு 59 மொபைல் அப்ளிகேஷன்களைத் தடை செய்தபோது, அதில் டிக் டாக் இருந்ததைத்தான் எல்லாரும் பேசினார்கள். அதே பட்டியலில் கேம் ஸ்கேனரும் இருந்தது. சான்றிதழை போட்டோ எடுத்து பி.டி.எப். ஆக்கித் தரும் அப்ளிகேஷன் அது. நம் நாட்டில் எத்தனை பேரின் ஆவணங்கள் அதன் வழியாகப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவேதான் லிப்ரே ஆபீஸ், போட்டோஸ் என்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கும் வழிகளைச் சொன்னேன். ஆதார் கேட்கும் இடத்தில் முழு எண் தேவையில்லை என்றால் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்ட்' ஆதாரை டவுண்லோட் செய்து கொடுக்கலாம். சென்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வேலை முடிந்ததும் டவுண்லோட்ஸ் போல்டர், ரீசைக்கிள் பின், மெயில் அக்கவுண்ட், வாட்ஸ் ஆப் வெப் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். இது சந்தேகம் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது போன்ற பழக்கம்.

அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு உண்மையை ஒப்புக் கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, ஒரு விண்ணப்பப் பக்கத்தில் பைல் அளவைச் சோதிக்கும் வரியை எழுதுவது. 200 கே.பி.க்கு மேல் என்றால் திருப்பி அனுப்பு. ஏன் 200 என்று கேட்டேன். "பழைய பார்மில் அப்படித்தான் இருந்தது" என்றார் சீனியர். பழைய பார்மில் ஏன் அப்படி இருந்தது என்பது அவருக்கும் தெரியவில்லை. எழுதினேன். ஐந்து நிமிட வேலை. அந்த ஒரு வரி எத்தனை பேரை இரவு ஒன்பது மணிக்கு அழ வைத்திருக்கும் என்று அன்று நான் நினைக்கவில்லை.

அந்த வரம்புக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் தந்தது 1995 ஆகஸ்ட் 15ல். அதன் பின் பல ஆண்டுகள் டயல் அப் இணைப்புதான். 56 கிலோபிட் மோடத்தில், எல்லாம் சரியாக இருந்தால், விநாடிக்கு 7 கே.பி. போகும். 1 எம்.பி. பைலுக்கு இரண்டரை நிமிடம். நடுவில் போன் மணி அடித்தால் மறுபடியும் முதலில் இருந்து. ஹார்ட் டிஸ்க்கும் விலை அதிகம். அந்த நாளில் 50 கே.பி. என்று கேட்டது விண்ணப்பிப்பவருக்குச் செய்த உதவி.

இன்று கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் பேர், ஆளுக்கு 5 ஆவணம், ஒவ்வொன்றும் 200 கே.பி. மொத்தம் 1,000 ஜி.பி. அதாவது 1 டி.பி. வரம்பை 2 எம்.பி. ஆக்கினால் 10 டி.பி. ஒரு டி.பி. டிஸ்க்கை நாமே வீட்டுக்கு வாங்கி வைக்கிறோம். 10 லட்சம் பேருக்குத் தேர்வு நடத்தும் அலுவலகத்திற்கு 10 டி.பி. ஒரு பாரமா?

கடைசி நாளில் லட்சம் பேர் ஒரே நேரத்தில் பெரிய பைல்களை அனுப்பினால் சர்வர் திணறும் என்பார்கள். இது நியாயமான கவலைதான். கிராமத்தில் சிக்னல் குறைவாக இருக்கும் இடத்தில் சிறிய பைல்தான் போகும் என்பதும் உண்மை. ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. பிரவுசரிலேயே படத்தைச் சுருக்கிவிட்டு, சுருக்கிய பைலை மட்டும் அனுப்பலாம். எச்.டி.எம்.எல். 5 முழுத் தரமாக வெளியானது 2014ல். அதிலுள்ள கேன்வாஸ் வசதியை வைத்து ஒரு புரோகிராமர் ஒரே நாளில் இதை எழுதிவிடலாம். விண்ணப்பிப்பவர் 4 எம்.பி. படத்தைத் தேர்ந்தெடுப்பார். பக்கம் அதை வெட்டச் சொல்லும். சுருக்கிக் காட்டும். "உங்கள் சான்றிதழ் எண் தெரிகிறதா?" என்று கேட்கும். ஆம் என்றால் அனுப்பும். சர்வருக்கும் பாரமில்லை, சென்டருக்கு அம்பது ரூபாயும் இல்லை.

சுருக்குவதை விடச் சிறந்தது ஒன்று உண்டு. கேட்காமல் இருப்பது. இதற்கு நல்ல உதாரணம் வருங்கால வைப்பு நிதி அமைப்பு. பி.எப். பணத்தை ஆன்லைனில் எடுக்க விரும்புவோர் காசோலை அல்லது பாஸ் புத்தகத்தின் படத்தை அப்லோட் செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. படம் தெளிவாக இல்லை என்று விண்ணப்பங்கள் திரும்பின. 2024 மே மாதம் சிலருக்கு மட்டும் இந்த விதியை நீக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். 1.7 கோடி உறுப்பினர்கள் பயன் பெற்றார்கள். 2025 ஏப்ரலில் எல்லாருக்கும் நீக்கிவிட்டார்கள். காரணம் எளிமையானது. வங்கிக் கணக்கை இணைக்கும்போதே பெயர் சரிபார்க்கப்பட்டுவிடுகிறது. பிறகு படம் எதற்கு? யாரும் சுருக்கக் கற்றுக் கொள்ளவில்லை. அந்தக் கேள்வியே போய்விட்டது.

2015ல் தொடங்கிய டிஜிலாக்கரும் இதைத்தான் சொல்கிறது. சான்றிதழைக் கொடுத்த அலுவலகத்திலிருந்தே அது நேராக வரட்டும். அரசு கொடுத்த தாளை நாம் போட்டோ எடுத்து, சுருக்கி, மங்கவைத்து, மீண்டும் அரசுக்கே அனுப்பி, தெளிவாக இல்லை என்று அதே அரசு நம்மைத் திருப்பி அனுப்புவதில் யாருக்கு லாபம்?

எனவே என் பதில் இது. சுருக்குவது தளத்தை நடத்துபவரின் வேலை. அதை எழுதும் எங்களைப் போன்றவர்களின் வேலை. தெளிவான சான்றிதழைக் கொடுப்பது மட்டும்தான் விண்ணப்பிப்பவரின் வேலை. ஒரு வேலைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் தேர்வில், பிக்ஸெல் கணக்குத் தெரியுமா என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. வீட்டில் கம்ப்யூட்டரும், கேட்க ஆளும் இருப்பவர் அந்தக் கேள்வியைத் தாண்டிவிடுவார். உப்பளத்துக் கூலியில் லேப்டாப் வாங்கிய வீட்டுப் பெண் அங்கேயே நின்றுவிடுவாள்.

இப்போது நான் எழுதும் எந்த விண்ணப்பப் பக்கத்திலும் சுருக்கும் வேலையைப் பக்கமே செய்யும்படி எழுதுகிறேன். கேட்டால் "பழைய பார்மில் இல்லையே" என்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்வேன்.

அந்த மாற்றம் எல்லாத் தளங்களுக்கும் வரும் வரை நம் பாதுகாப்பு நம் கையில். இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கம்ப்யூட்டரில் 'சான்றிதழ்கள்' என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதில் 'ஒரிஜினல்' என்று ஒன்று, 'சுருக்கியது' என்று ஒன்று. வீட்டில் உள்ள சான்றிதழ்களை எல்லாம் நல்ல வெளிச்சத்தில் எடுத்து முதலாவதில் வையுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 200 கே.பி.க்குள் ஒரு காப்பி, போட்டோ 20 முதல் 50 கே.பி.க்குள், கையெழுத்து 10 முதல் 20 கே.பி.க்குள் தயார் செய்து இரண்டாவதில் வையுங்கள். இரண்டையும் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். கடைசி நாள் இரவில் செய்யும் வேலை இல்லை இது.

எதிர் வீட்டில் அப்படி ஒரு போல்டர் இப்போது இருக்கிறது. விண்ணப்பம் ஏறிவிட்டது. வேலை கிடைக்குமா என்று தெரியாது. அது அவள் எழுதும் தேர்வைப் பொறுத்தது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சென்ற வாரம் போன் செய்தபோது, தெருவில் இன்னும் நான்கு பேருக்கு அவளே பைல் சுருக்கிக் கொடுத்ததாகச் சொன்னாள். "காசு வாங்கினியா?" என்றேன்.

"இல்ல அண்ணா. முடிஞ்சதும் அவங்க பைல அழிச்சுட்டேன்" என்றாள்.